மூன்றாம் துணைத்தேற்றம்

ஜூலை 3, 2018, செவ்வாய்

இன்றிலிருந்து தேதி போட்டு எழுதிவைக்கப் போகிறேன். பின்னால் யாராவது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.

பித்தப்பை ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று வாரம் கழித்து இன்றுதான் கல்லூரிக்குப் போனேன். ஆட்டோ குலுங்கும்போதெல்லாம் தையல் போட்ட இடம் சுருக்கென்றது. பாளையங்கோட்டையில் காற்று ஆரம்பித்துவிட்டது. ஸ்டாஃப் ரூமுக்குள் போனபோது என் மேசையில் விரலால் பெயர் எழுதலாம் போல மண்.

எதிர் மேசையில் வடிவு இருந்தாள். சண்முகவடிவு. என்னைவிட ஐந்து வயது இளையவள், பதினான்கு வருடமாக எனக்கு எதிரே உட்கார்ந்து கணிதம் செய்கிறவள். நான் வாசலில் நின்றதும் எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடினாள். மூடியதோடு நிற்காமல் அதன் மேல் முழங்கையையும் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, அதுக்குள்ள வந்துட்டீங்க? இன்னும் ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்திருக்கலாம்லா?"

கரிசனமாகத்தான் கேட்டாள். ஆனால் பதினான்கு வருடத்தில் அவள் நோட்டை என் முன்னால் மூடியதே கிடையாது.

என்ன விஷயம் என்பதையும் எழுதிவிடுகிறேன். 2011இல் நாங்கள் இருவரும் ஒரு முடிவிலாத் தொடரின் கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்டு, அது விகிதமுறா எண், எந்தப் பின்னமாகவும் அதை எழுத முடியாது என்று நிரூபித்தோம். வடிவு அந்த எண்ணை 'நம்ம ஆளு' என்பாள். கட்டுரையில் என் பெயர் முதலில், எஸ்தர் பாக்கியவதி. அதன் பிறகு நாங்கள் எழுதிய எல்லாமே அந்தக் கட்டுரையின் மேல் நிற்பவைதான். நம்ம ஆளுக்கு ஒரு குடும்பமே இருக்கிறது, அதே மாதிரியான இன்னும் பல எண்கள். அவையும் விகிதமுறா எண்கள்தான் என்று காட்ட ஆறு வருடமாக முட்டிக்கொண்டிருக்கிறோம்.

நான் படுத்திருந்த மூன்று வாரத்தில் அவளுக்கு வழி கிடைத்திருக்க வேண்டும். பேராசிரியர் பதவி உயர்வுக்கான நேர்காணல் ஆகஸ்ட் 10. எனக்கு இருக்கிறது. அவளுக்கு இந்த வருடம் இல்லை.

இந்த நோட்டில் கேஸ் பதிவு செய்தாயிற்று.

ஜூலை 5, வியாழன்

பதினோரு மணிக்கு நாங்கள் சேர்ந்து டீ குடிக்கப் போவது வழக்கம். "நீங்க போங்கக்கா, எனக்கு இன்டர்னல் பேப்பர் கிடக்கு" என்றாள். அவள் மேசையில் ஒரு விடைத்தாளும் இல்லை.

ஜூலை 8, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து வந்த பிறகு என் வீட்டுக்காரர் சாளை மீனைக் கழுவிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய மருந்துக்கடைக்கு அரை நாள் லீவு. நான் முகத்தைத் தூக்கி வைத்திருப்பதைப் பார்த்து, "அப்படி என்னத்தத்தான் நீங்க ரெண்டு பேரும் கண்டுபிடிச்சீங்க? இருபது வருஷமா கூட இருக்கேன், எனக்கு ஒருநாளும் சொன்னதில்லையே" என்றார்.

சொன்னேன். "ஒரு எண்ணைப் பின்னமா எழுத முடியாதுன்னு காட்டணும். எழுத முடியும்னே முதல்ல வச்சுக்கிடுவோம். மேல ஒரு முழு எண், கீழ ஒரு முழு எண்."

"சரி."

"அப்படின்னா ஒரு குறிப்பிட்ட கணக்கைப் போட்டா விடை முழு எண்ணாத்தான் வரணும். இன்னொரு வழியில போய், அதே விடை ஒண்ணைவிடச் சின்னதுன்னு காட்டுவோம். பூச்சியத்துக்கும் ஒண்ணுக்கும் நடுவுல முழு எண் ஏது? அப்ப முதல்ல வச்சுக்கிட்டதே தப்பு. அது பின்னமே இல்ல."

அவர் மீனைத் திருப்பினார். "நல்லாத்தான் இருக்கு. அந்த விடை பூச்சியமாவே இருந்துட்டா?"

"இருக்காது."

"இல்ல, பூச்சியமும் முழு எண்தானளா? ஒண்ணைவிடச் சின்னதும்தானே?"

"அந்த விடைங்கறது ஒரு வளைகோட்டுக்குக் கீழ உள்ள பரப்பு. ஒண்ணாவது கோடு, ரெண்டாவது கோடுன்னு வரிசையாப் போகும், ஒவ்வொண்ணுக்கும் ஒரு விடை. எந்தக் கோடும் எங்கயுமே அச்சுக்குக் கீழ இறங்காது. மேலயே இருக்கற கோட்டுக்குப் பரப்பு எப்படிப் பூச்சியமாகும்? மூணாவது லெம்மால, அதான் துணைத்தேற்றத்துல, எழுதியிருக்கு."

"யாரு எழுதினா?"

"நான்தான்."

மீனில் செதில் சரியாகப் போகவில்லை என்று சத்தம் போட்டேன். பிறகு போய்ப் பார்த்தேன். சரியாகத்தான் போயிருந்தது.

ஜூலை 10, செவ்வாய்

வடிவு ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள். உள்ளே ஒரு பஸ் டிக்கெட். திருநெல்வேலியிலிருந்து மதுரைக்கு. தேதி ஜூன் 30.

ஜூன் 30 எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தாள். காலையில் போன் செய்து, தென்காசியில் சொந்தக்காரர் வீட்டுச் சடங்கு, வர முடியவில்லை என்றாள். தென்காசிக்கு யாரும் மதுரை பஸ்ஸில் ஏறுவதில்லை.

மதுரையில் எங்கள் கணிதம் புரிகிறவர் ஒரே ஒருவர்தான். ஓய்வுபெற்ற பரமேஸ்வரன் சார். எங்கள் கட்டுரை வந்த ஆய்விதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர்.

டிக்கெட்டை என் பர்ஸில் வைத்திருக்கிறேன்.

ஜூலை 12, வியாழன்

இன்று அவளாகவே பேச வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், மேசையில் கிடந்த ஸ்டேப்ளரைப் பார்த்தபடி.

"அக்கா, நம்ம ஆளு பேப்பருக்கு அப்ப ஒரு ரஃப் நோட்டு வச்சிருந்தீங்கள்லா? பச்சை அட்டை. அது இருக்கா?"

"என்னத்துக்கு?"

"சும்மாதான். ஒண்ணு ரெண்டு கிராஃப் பாக்கணும்."

"கரையான் அரிச்சுட்டு. போன மழைக்கே தூக்கிப் போட்டாச்சு."

"அப்படியா" என்றாள். நாற்காலியைத் திரும்ப இழுத்துக்கொண்டு போனாள். என் பழைய வேலையை வைத்து அவள் தன் புது வேலையைக் கட்ட வேண்டும். அதற்கு நான் கூட வேண்டாம், நோட்டு மட்டும் போதும்.

ஜூலை 13, வெள்ளி

பீரோவைத் திறந்து நோட்டை மேல் தட்டிலிருந்து அடித்தட்டுக்கு, போர்வைகளுக்குக் கீழே மாற்றினேன். மேலே தூசி அதிகம்.

ஜூலை 17, செவ்வாய்

இரண்டாவது பீரியட் அவளுக்கு வகுப்பு. நோட்டை மேசைமேலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். அறையில் யாரும் இல்லை. போனில் படம் எடுத்தேன். பதினோரு பக்கம். நான்காம் பக்கம் மங்கலாக விழுந்ததால் அதை இரண்டு தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

என்னுடைய உழைப்பும் அதில் இருக்கிறது என்பதால் இதில் தவறு ஒன்றும் இல்லை.

ஜூலை 18, புதன்

கல்லூரிக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் படங்களைப் பார்த்தேன். முதல் இரண்டு பக்கம் தேவையில்லாதவை. 'லெ. 3' என்று தலைப்பிட்டு ஏதோ வரைபடங்கள். அவற்றைத் தள்ளிவிட்டேன்.

மூன்றாம் பக்கத்திலிருந்து புதிது. அடுத்தடுத்த இரண்டு விடைகளை எடுத்து ஓர் அணிக்கோவையாக அமைத்திருக்கிறாள். அழகான வேலை. இப்படி ஒரு கருவி கையில் இருந்தால் குடும்பம் முழுவதையும் ஒரே வீச்சில் முடித்துவிடலாம். நான் நினைத்தது சரி. அவள் தனியாக முடித்துக்கொண்டிருக்கிறாள்.

சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குப் போனார்.

ஜூலை 20, வெள்ளி

துறைத்தலைவர் இசக்கிமுத்து சாரிடம் எழுத்தில் புகார் கொடுத்தேன். கூட்டு ஆய்வை டாக்டர் சண்முகவடிவு தன் தனிப்பட்ட பெயரில் வெளியிட முயல்கிறார், வெளியூர் நிபுணரிடம் ரகசியமாகக் காட்டியிருக்கிறார். டிக்கெட்டின் நகலை இணைத்தேன். படங்களைப் பற்றி எழுதவில்லை.

அவர் இரண்டு தடவை படித்தார். "எஸ்தர்மா, வாயால சொன்னா நான் கூப்பிட்டு விசாரிச்சுட்டு விட்டுருவேன். எழுத்துல குடுத்தா ஃபைல்ல ஏறிரும். அந்தப் பிள்ளைக்கு அடுத்த வருஷம் புரமோஷன் வருது. யோசிச்சுக்கிட்டீங்களா?"

"யோசிச்சுட்டுத்தான் சார் குடுக்கேன்."

ஜூலை 24, செவ்வாய்

சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். புகாரை வாசித்தார். வடிவு நின்றுகொண்டே கேட்டாள். 'ரகசியமாக' என்ற சொல் வந்தபோது மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"மதுரைக்குப் போனது உண்மையாம்மா?"

"உண்மைதான் சார்."

"பரமேஸ்வரன் சாரப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எஸ்தர் மேடத்துக்குத் தெரியாம எதுக்குப் போனீங்க?"

அவள் வாயைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். "அத இப்ப சொல்ல முடியாது சார்."

"சொல்லலைன்னா உங்களுக்குத்தானம்மா நஷ்டம்."

"பரவால்ல சார்."

என்னைக் கேட்காமல் எதையும் வெளியிடுவதில்லை என்று எழுதித் தரச் சொன்னார். அங்கேயே நின்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். தன் பேனா எழுதாததால் என் பேனாவை வாங்கினாள்.

ஜூலை 25, புதன்

ஏன் மறுக்கவில்லை? ஒரு வார்த்தையாவது மறுத்திருக்க வேண்டாமா? இவ்வளவு சுலபமாகக் கையெழுத்துப் போடுகிறவள் வேறு ஏதோ வைத்திருக்கிறாள்.

ஆகஸ்ட் 1, புதன்

மாலை ஐந்து மணிக்கு வடிவு வீட்டுக்கு வந்தாள். கையில் ஒரு பாலித்தீன் கவர். காற்றில் தலையெல்லாம் கலைந்திருந்தது. பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். வாசலிலேயே, "உள்ள வரலாமாக்கா?" என்று கேட்டாள். முன்பெல்லாம் கேட்கமாட்டாள்.

உட்கார்ந்ததும் கவரிலிருந்து தட்டச்சு செய்த தாள்களை எடுத்து என் மடியில் வைத்தாள். பதினான்கு பக்கம். மேலே இரண்டு பெயர்கள். முதலில் என் பெயர்.

"முடிஞ்சிட்டுக்கா. முடிஞ்ச பெறகு சொல்லணும்னுதான் இருந்தேன்."

"என்னது முடிஞ்சிட்டு?"

"மூணாவது லெம்மா." என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "அது தப்புக்கா. மே மாசம் குடும்பத்துக்காக அதத் திரும்பப் போட்டுப் பாத்தேன். அந்த வளைகோடு கீழ இறங்காதுன்னு எழுதியிருந்தோம்லா. ஆறாவது கோடு வரைக்கும் இறங்கல. ஒம்பதாவதுல இறங்குது. வலது ஓரத்துல, ஊசி முனை அளவு. கீழ கொஞ்சம் பரப்பு வந்துட்டுன்னா மேல உள்ளதும் கீழ உள்ளதும் கழிஞ்சு பூச்சியமாயிரலாம்லா. அப்ப நாம எதையுமே நிரூபிக்கல. ஏழு வருஷமா."

நான் மடியிலிருந்த தாள்களைப் புரட்டினேன். அவள் தொடர்ந்தாள்.

"ஒங்களுக்கு வயித்து வலி வந்து ஆஸ்பத்திரி, ஆபரேஷன்னு ஆயிட்டு. இன்டர்வியூ வேற. இப்பப் போயி சொன்னா நீங்க ஒடஞ்சிருவீங்கன்னு பயந்துட்டேன். சரிபண்ண வழி இருக்கான்னு கேக்கத்தான் பரமேஸ்வரன் சார்கிட்ட போனேன். யாரு பேப்பருன்னு சொல்லல. ஒரு கேள்வியா மட்டும் கேட்டேன். அவுங்கதான் அணிக்கோவையப் பிடின்னாங்க. அடுத்தடுத்து வாற ரெண்டு விடையும் ஒண்ணாப் பூச்சியமாக முடியாது. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். அது போதும். நம்ம ஆளு தப்பிச்சிட்டான். அவன் விகிதமுறா எண்தான், சந்தேகமே இல்ல."

"அன்னைக்கு இசக்கிமுத்து சார்கிட்ட இதச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா ஃபைல்ல ஏறியிருக்கும்லா. பத்தாம் தேதி இன்டர்வியூல அந்த ஃபைல வச்சுத்தான் ஒங்ககிட்ட கேப்பாங்க."

அவர் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். வடிவு எடுக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் கேக்கணும்கா. அந்தப் பச்சை நோட்டக் கேட்டது எதுக்குன்னா, நீங்க அப்பவே ஒம்பதாவது கோட்ட வரைஞ்சு பாத்தீங்களான்னு தெரிஞ்சுக்கத்தான். பேப்பர்ல ஆறு வரைக்கும்தான் போட்டிருந்தோம். நீங்க ஒருநாளும் ஆறோட நிறுத்துற ஆள் இல்ல. தெரியுமா அக்கா ஒங்களுக்கு?"

"தெரியாது" என்றேன்.

"கரையான்னு சொன்னீங்களா, அதான் கேட்டேன்" என்றாள். காப்பியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 2, வியாழன்

போர்வைகளை எடுத்துவிட்டு நோட்டை வெளியே எடுத்தேன். எந்தப் பக்கம் என்று தேட வேண்டியிருக்கவில்லை.

ஒன்பதாவது வரைபடம் இருக்கிறது. 2011, மார்ச் மாதம். வலது ஓரத்தில் கோடு அச்சைத் தொட்டு இறங்கியிருக்கிறது. பக்கத்தில் பென்சிலால் என் கையெழுத்து: 'கம்ப்யூட்டர் பிழை. தசமங்களை முழுதாக்கும்போது வருவது.' அதற்கடுத்த பக்கத்தில் பத்தாவது கோட்டுக்கு அச்சுகளை வரைந்திருக்கிறேன். கோடு வரையவில்லை.

கம்ப்யூட்டர் பிழை என்று நம்பினேனா? நம்பினால் இன்னொரு தடவை போட்டுப் பார்த்திருப்பேனே. அரை மணி நேர வேலை. கட்டுரையில் 'தெளிவாகவே' என்று ஒரு சொல் எழுதி முடித்துவிட்டேன். வடிவு அப்போது இந்த வகை நிரூபணத்துக்குப் புதியவள். நான் தெளிவு என்று சொன்னதை அவள் கேள்வி கேட்கவில்லை.

இந்தக் குறிப்பேட்டை ஜூலை 3லிருந்து திரும்பப் படித்தேன். யாருக்குக் காட்டுவதற்காக எழுத ஆரம்பித்தேன்?

ஆகஸ்ட் 6, திங்கள்

காலையில் முதலில் இசக்கிமுத்து சார் அறைக்குப் போய்ப் புகாரை எழுத்தில் திரும்பப் பெற்றேன். புகார் முற்றிலும் தவறு, தவறு என்னுடையது என்று எழுதினேன். வடிவு எழுதிக் கொடுத்த தாளையும் கேட்டு வாங்கிக் கிழித்தேன். சார், "என்னம்மா இது" என்று மட்டும் சொன்னார்.

பிறகு ஸ்டாஃப் ரூமில், மற்றவர்கள் வகுப்புக்குப் போன நேரத்தில், பச்சை நோட்டை வடிவின் மேசையில் வைத்தேன். ஒன்பதாவது வரைபடத்தைத் திறந்து வைத்தேன்.

நெடுநேரம் பார்த்தாள். பென்சில் எழுத்தின் மேல் விரலை வைத்துப் படித்தாள்.

"ஒன் நோட்டையும் நான் போட்டோ எடுத்தேன்" என்றேன். "பதினேழாம் தேதி."

"மொத ரெண்டு பக்கத்தைப் பாத்திருந்தா கம்ப்ளெயின்ட் எழுதியிருக்க மாட்டீங்களே."

"தலைப்பைப் பாத்தேன். மேல படிக்கல."

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கவில்லை, குரலும் உயரவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நான் திருடுவேன்னு நெனச்சீங்களா? இல்ல, நான் கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சீங்களா?"

மணி அடித்தது. அவள் சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 10, வெள்ளி

நேர்காணல். மூன்று பேர். நடுவில் இருந்தவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, "உங்கள் ஆய்வுகளில் முக்கியமானது என்று எதைச் சொல்வீர்கள்?" என்றார்.

2011 கட்டுரை என்றேன். அதன் மூன்றாம் துணைத்தேற்றம் தவறு என்றேன். அதைக் கண்டுபிடித்ததும் சரிசெய்ததும் டாக்டர் சண்முகவடிவு, திருத்தம் நேற்று ஆய்விதழுக்குப் போய்விட்டது என்றேன்.

இடப்பக்கம் இருந்த அம்மா சிரித்தார். "எல்லோருக்கும் பிழை வரும் மேடம். நீங்களே வந்து சொல்வது பெரிய விஷயம்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவும் நினைத்தேன்.

"பிழை தானாக வரவில்லை. எனக்கு அப்போதே சந்தேகம் இருந்தது. பார்க்காமல் விட்டேன்."

சிரித்தவர் முகத்தில் சிரிப்பு மெல்ல இறங்கியது. நடுவில் இருந்தவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அதன்பிறகு அவர்கள் கேட்டதெல்லாம் மரியாதைக்காகக் கேட்டவை.

ஆகஸ்ட் 29, புதன்

பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை. அவரிடம் சொன்னேன். கடை ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, "நீ எதிர்பாத்ததுதானளா?" என்றார். ஆமாம் என்றேன்.

செப்டம்பர் 11, செவ்வாய்

ஆய்விதழிலிருந்து கடிதம். திருத்தத்தை ஏற்றுக்கொண்டார்கள். வடிவின் பெயரை முதலில் போட்டு நான்தான் அனுப்பியிருந்தேன். கடிதத்தை அவளிடம் நீட்டினேன். படித்தாள். "நல்லதுக்கா" என்றாள். டீ குடிக்க வருகிறாயா என்று கேட்டேன். பேப்பர் திருத்தணும் என்றாள். இந்தத் தடவை மேசையில் நிஜமாகவே விடைத்தாள்கள் இருந்தன.

செப்டம்பர் 18, செவ்வாய்

இன்று வடிவு எங்கள் பழைய கட்டுரைகள் எல்லாவற்றையும் அச்செடுத்து வந்து மேசையில் அடுக்கினாள். 2014, 2016, போன வருடம் வந்தது. பென்சில் சீவினாள்.

"நீங்க தெளிவுன்னு எழுதுன எடத்தயெல்லாம் நான் திரும்பப் போட்டுப் பாக்கப் போறேன்கா. தப்பா எடுத்துக்கிடாதீங்க."

"பாரு."

காலை முழுவதும் பார்த்தாள். நான் எதிரே உட்கார்ந்து வருகைப் பதிவேடு எழுதுவதாகக் காட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தாளும் திரும்பும் சத்தம் கேட்டது. ஒரு காலத்தில் இவள் நான் சொன்னதையெல்லாம் நம்பியவள். இப்போது ஒரு வரியையும் விடுவதில்லை. விடக்கூடாது.

பன்னிரண்டு மணி வாக்கில் பென்சில் நின்றது. 2014 கட்டுரை, பதினோராம் பக்கம்.

"இந்த வரி எப்படிக்கா வந்துச்சு?"

எழுந்து அவள் மேசைக்குப் போனேன். பார்த்தேன். என் வரிதான். அது சரியாகவும் இருக்கலாம். எப்படி வந்தது என்பது நினைவில் இல்லை.

"எனக்குத் தெரியல வடிவு" என்றேன்.

அவள் என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி எனக்கு இடம் விட்டு, வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நடுவில் வைத்தாள்.

"சரி, போட்டுப் பாப்போம்."